சாப்பிடாத தாடி ஓணான்: பசி, செரிமானம், மலச்சிக்கல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்னில் எங்கள் வீட்டில் ஒரு பியர்டட் டிராகன் இருக்கிறான். பெயர் முத்து, வயது எட்டு. இந்த எட்டு வருடத்தில் மூன்று முறை சாப்பாட்டை அடியோடு நிறுத்தியிருக்கிறான். மூன்று முறையும் காரணம் வேறு வேறு. முதல் முறை தவறு எங்களுடையது, இரண்டாவது முறை நோய், மூன்றாவது முறை வெறும் பயம். அப்போதெல்லாம் தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, வளர்ப்பவள். மருத்துவர் பார்க்க வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

பியர்டட் டிராகன் என்றால் ஓணான்தானா?

நெருங்கிய உறவு. நம் ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. பயந்தாலோ கோபப்பட்டாலோ தொண்டையின் முள்தோலை உப்பிக் கறுப்பாக்கும், அதுதான் தாடி. அதனால் இந்தப் பக்கத்தில் தாடி ஓணான் என்றே எழுதுகிறேன். ஆஸ்திரேலியா 1960களிலேயே தன் காட்டுயிர் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருப்பவை கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவை. ஆனால் உடம்பு இன்னும் அந்தப் பாலைநில வெயிலைத்தான் எதிர்பார்க்கிறது. கீழே வரும் பாதி பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. பயப்பட வேண்டுமா?

வயதைப் பொறுத்தது. நான்கு மாதத்துக்குள் இருக்கும் குஞ்சு என்றால் ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருப்பதே கவலைப்பட வேண்டிய விஷயம். இரண்டு நாள் ஆனால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குஞ்சின் உடம்பில் சேமிப்பு கிடையாது, நீர் வற்றுவதும் வேகமாக நடக்கும். ஒன்றரை வயது தாண்டிய, நல்ல சதைப்பிடிப்புள்ள ஓணான் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தும் ஒன்றும் ஆகாமல் போகலாம். தோல் உரியும் நாட்களில் பசி குறையும். குளிர்காலத்திலும் குறையும்.

நாட்களை எண்ணுவதைவிட எடையைப் பாருங்கள். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும், ஆனால் இதற்கென்று தனியாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் நிறுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வளர்ந்த தாடி ஓணான் பொதுவாக 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். 400 கிராம் இருந்தது 360-க்கு வந்துவிட்டால் பத்து சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது காத்திருக்கக் கூடாது. எடை அப்படியே இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது, நடமாட்டம் இருக்கிறது என்றால் நிதானமாகக் காரணம் தேட நேரம் உண்டு.

தலையையும் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் மண்டையின் இரண்டு பக்கமும் சிறிய கொழுப்பு மேடு இருக்கும். அது குழி விழுந்திருந்தாலும், வாலின் அடியில் இடுப்பெலும்பு துருத்தினாலும் உடம்பு கரைகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, முதலில் எதைச் சரிபார்ப்பது?

சாப்பாட்டை அல்ல, சூட்டை. தெரிந்தவர்கள் ஃபோன் செய்யும்போது "என்ன கொடுத்தீர்கள்?" என்று நான் கேட்பதில்லை. "வெயில் காயும் இடம் எத்தனை டிகிரி?" என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்கு அந்த எண் தெரியாது.

தாடி ஓணானுக்கு உடம்புச் சூடு உள்ளிருந்து வருவதில்லை, வெளியிலிருந்துதான் வர வேண்டும். செரிமான நீர் வேலை செய்வதற்கும், குடல் அசைவதற்கும், பசி எடுப்பதற்கும் அந்தச் சூடு வேண்டும். சூடு போதாவிட்டால் தின்றது வயிற்றிலேயே கிடந்து புளிக்கும். உடம்பு அதை உணர்ந்து பசியை நிறுத்திவிடும். நாம் அதை "அடம் பிடிக்கிறது" என்று நினைத்துக்கொள்வோம்.

வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கூண்டின் மறுகோடியில் 24 முதல் 28 வரை. சூடு ஏறியதும் விலகிப் போய் ஆறிக்கொள்ள அந்தக் குளிர்ந்த பக்கம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அது வாயைத் திறந்தபடி மூச்சுவாங்கும், அதிலும் பசி போகும். இரவில் விளக்கு எதுவும் வேண்டாம். வீடு 18 டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் ஒளி இல்லாத பீங்கான் சூட்டுக்குமிழ் போடலாம். சிவப்பு விளக்கு தூக்கத்தைக் கெடுக்கும். இதன் உச்சந்தலையில் வெளிச்சத்தை உணரும் மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது.

எங்கள் முதல் தவறு இங்கேதான். முத்து ஏழு மாதக் குட்டியாக இருந்தபோது, கடையில் கொடுத்த வட்டமான ஒட்டு வெப்பமானியைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தோம். அது 38 காட்டியது. அவனோ நாளுக்கு நாள் மந்தமாகி, கடைசியில் வெட்டுக்கிளியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு நண்பர் இன்ஃப்ராரெட் வெப்பத் துப்பாக்கி கொண்டுவந்து கல்லின் மேல் காட்டினார். 31. ஏழு டிகிரி வித்தியாசத்தில் அந்தக் குட்டி பல வாரம் வயிறு வேலை செய்யாமல் கிடந்திருக்கிறது. குமிழை மாற்றி, தெர்மோஸ்டாட் போட்டு, கல்லை நான்கு விரற்கடை உயர்த்தினோம். ஐந்தாம் நாள் சாப்பிட்டான். வெப்பத் துப்பாக்கி விலை அதிகமில்லை. வேறெதையும் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

யூவிபி விளக்குக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்?

புற ஊதா பி கதிர், அதாவது யூவிபி, தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் உணவிலுள்ள கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும். கால்சியம் எலும்புக்கு மட்டுமல்ல, தசை சுருங்கவும் வேண்டும். குடலும் தசைதான். கால்சியம் குறைந்தால் குடல் தளர்ந்து மலச்சிக்கல் வரும், தாடை மெத்தென்று ஆகி மெல்லும்போது வலிக்கும், விரல்கள் துடிக்கும். எலும்பு வளையும் இந்த நோயில் பசியின்மையும் மலச்சிக்கலும் வெகு முன்னாடியே தெரியும் அறிகுறிகள்.

நீளமான டி5 (T5) குழல்விளக்குதான் நல்லது. யூவிபி 10 அல்லது 12 சதவீத வகை, கூண்டின் நீளத்தில் பாதிக்கு மேல் வருவது. சுருள் வடிவச் சிறிய குமிழை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விளக்குக்கும் ஓணானுக்கும் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் யூவிபி கிட்டத்தட்ட முழுவதும் நின்றுவிடும். கம்பிவலை இருந்தாலும் கணிசமாகக் குறையும். ஜன்னலோர வெயில் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே யூவிபி தீர்ந்துபோவதால் வருடத்துக்கு ஒருமுறை குழலை மாற்றுங்கள். மாற்றிய தேதியைக் குழலின் முனையிலேயே பேனாவால் எழுதிவிடுவது என் வழக்கம்.

புதிதாக வாங்கி வந்தேன், எதையும் தொடவில்லை. ஏன்?

இடம் புதிது. ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். தூக்கிக் கொஞ்சாமல், கூண்டின் மூன்று பக்கத்தையும் அட்டையால் மறைத்து, சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எங்கள் மூன்றாவது அனுபவம் இதுதான். வீடு மாறியபோது முத்துவின் கூண்டை ஜன்னலுக்கு எதிரே வைத்தோம். கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையே எதிரியாக நினைத்து ஒன்பது நாள் கறுத்த தாடியோடு பட்டினி கிடந்தான். அட்டை வைத்த மறுநாள் சாப்பிட்டான். குஞ்சாக இருந்தால் மட்டும் இவ்வளவு நாள் பொறுக்காதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் கழிக்க வேண்டும்? அது எப்படி இருக்க வேண்டும்?

குஞ்சுகள் தினமும், சில ஒரு நாளில் இரண்டு மூன்று முறை. வளர்ந்தவை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. தினமும் கழிப்பதும் உண்டு, வாரம் ஒருமுறை கழிப்பதும் உண்டு. உங்கள் ஓணானின் வழக்கம் என்ன என்பதுதான் முக்கியம், அதையும் நோட்டில் எழுதுங்கள்.

நல்ல மலம் பழுப்பாக, உருண்டு திரண்டு, கொஞ்சம் ஈரமாக இருக்கும். கூடவே வெள்ளையாக ஒரு கட்டி வரும். அதுதான் சிறுநீர், யூரேட் என்பார்கள். இவை நம்மைப் போலத் தண்ணீராகக் கழிப்பதில்லை. யூரேட் வெள்ளையாக, மென்மையாக இருந்தால் உடம்பில் நீர் இருக்கிறது. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறி, சுண்ணாம்புக் கட்டி போல உடைந்தால் நீர் வற்றியிருக்கிறது. மலச்சிக்கலுக்கு முன்னால் பெரும்பாலும் இந்த நிறம் வந்துவிடும். காலையில் மூக்கு நுனியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் நக்கிக் குடிக்கும். கீரையை அலசி ஈரத்தோடு கொடுப்பதும் உதவும்.

பத்து நாளாகக் கழியவில்லை. மலச்சிக்கலா, குடல் அடைப்பா?

இரண்டும் ஒன்றல்ல. மலச்சிக்கலில் மலம் வறண்டு நகராமல் நிற்கிறது. அடைப்பில் மணலோ, செரிக்காத புழு ஓடோ, கூண்டில் கிடந்த ஏதோ ஒன்றோ கல் போல வழியை மறித்து நிற்கிறது. முதலாவதை வீட்டில் பார்க்கலாம். இரண்டாவதற்கு எக்ஸ்ரே வேண்டும்.

வயிறு உப்பியிருந்தும் ஓணான் சுறுசுறுப்பாக இருக்கிறது, கால் நன்றாக ஊன்றுகிறது, இன்னமும் கொஞ்சம் சாப்பிடுகிறது என்றால் வீட்டு வைத்தியத்தை முயலலாம். முதலில் சூட்டைச் சரிபாருங்கள், சூடு இல்லாமல் எதுவும் பலிக்காது. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வையுங்கள். 32 முதல் 35 டிகிரி போதும், தண்ணீர் முன்காலின் முட்டி அளவுக்கு மேல் போகக் கூடாது. பதினைந்து இருபது நிமிடம். அந்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே இருங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். வயிற்றை விரல் நுனியால் மேலிருந்து கழிவாய்ப் பக்கமாக மிக மெதுவாக வருடலாம், அழுத்தவே கூடாது. பலமுறை தண்ணீரிலேயே கழித்துவிடும். பிறகு நன்றாகத் துடைத்து வெயில் காயும் கல்லில் விடுங்கள். கூடவே ஒரு கரண்டி நுனி அளவு மசித்த பப்பாளியோ வேகவைத்து மசித்த பூசணியோ கொடுக்கலாம். மூன்று நான்கு நாள் செய்து பாருங்கள். அந்த நாட்களில் புழு பூச்சி வேண்டாம், அடைபட்ட இடத்தில் மேலும் போய்ச் சேரும்.

கீழே சொல்லும் எதையாவது பார்த்தால் குளியலோடு நேரம் கடத்தாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்: பின்கால் இழுபடுகிறது, முக்கி முக்கியும் ஒன்றும் வரவில்லை, வயிறு கல்லாக இருக்கிறது, வாந்தி, மலத்தில் ரத்தம், தாடி நாள் முழுக்கக் கறுப்பாகவே இருக்கிறது. கழிவாயிலிருந்து சிவப்பாகச் சதை வெளியே வந்துவிட்டால் அது அவசரம். சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் போட்டுக் காயாமல் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நீங்களே உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுத்தால் என்ன?

என் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. வேண்டாம். விளக்கெண்ணெய், ஆலிவ் எண்ணெய், மினரல் எண்ணெய் எதுவும் வாய் வழியாக வீட்டில் கொடுக்கக் கூடாது. ஓணானின் மூச்சுக்குழாய் வாய் நாக்குக்குப் பக்கத்திலேயே திறந்திருக்கிறது. எண்ணெய் வழுக்கி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும், அதிலிருந்து மீட்பது மலச்சிக்கலைவிடப் பல மடங்கு கஷ்டம். உண்மையிலேயே அடைப்பு இருந்தால் எண்ணெயால் ஏற்படும் குடல் அசைவே ஆபத்து. எனிமா தேவைப்பட்டால் மருத்துவர் செய்வார்.

மணல் போட்டால்தான் அதன் ஊர் மாதிரி இருக்கும் என்கிறார்களே?

அதன் ஊரில் தரை பெரும்பாலும் காய்ந்து இறுகிய செம்மண். கடையில் பொட்டலம் போட்டு விற்கும் தளர்ந்த மணல் அல்ல. நல்ல சூடும் நீரும் உள்ள, ஆரோக்கியமான பெரிய ஓணான் நக்கிய கொஞ்சம் மணலைக் கழித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் குஞ்சுக்கும், ஏற்கெனவே வயிறு மந்தமான ஓணானுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுக்க எனக்கு மனம் வராது. கால்சியம் மணல், அக்ரூட் ஓட்டுத் தூள் இரண்டையும் எந்த வயதிலும் போடாதீர்கள். வயிற்றுப் பிரச்சினை தீரும்வரை வெறும் காகிதம் விரியுங்கள். மலத்தின் நிறம் தெரியும், சுத்தம் செய்வதும் எளிது.

மலம் தண்ணீராக, தாங்க முடியாத நாற்றத்தோடு போகிறது. உணவு ஒத்துக்கொள்ளவில்லையா?

முதல் நாள் தர்பூசணியோ வெள்ளரியோ நிறையத் தின்றிருந்தால் ஒரு நாள் இளகிப் போகலாம். இரண்டாம் மூன்றாம் நாளும் தொடர்ந்தால், அதுவும் அறையே நாறும்படி இருந்தால், ஒட்டுண்ணியைச் சந்தேகப்படுங்கள். தாடி ஓணானில் அடிக்கடி காண்பவை கீரிப்புழு வகைப் புழுக்களும் காக்சிடியா என்ற ஒற்றைச் செல் உயிரியும். புழு கொஞ்சமாக இருந்தால் பல மருத்துவர்கள் மருந்தே கொடுக்க மாட்டார்கள், அது குடலில் சாதாரணமாகவே இருப்பதுதான். காக்சிடியா பெருகினால் குடல் சுவர் புண்ணாகிப் பசி போய், எடை சரசரவென்று இறங்கும்.

எங்கள் இரண்டாவது அனுபவம் இதுதான், இன்னமும் மனதை உறுத்துவதும் இதுதான். முத்துவுக்கு மூன்று வயது. ஜூன் மாதம், மெல்பர்னில் பகல் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கிய சமயம். சாப்பிடவில்லை, குகைக்குள்ளேயே கிடந்தான். குளிர்கால உறக்கம் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். எடை பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் தூக்கியபோது கையில் காகிதம் போல இருந்தான். 410 கிராம் இருந்தவன் 335. மலப் பரிசோதனையில் காக்சிடியாவும் புழுவும் கொத்துக் கொத்தாக வந்தன. மருத்துவர் கொடுத்த மருந்தோடு ஏழு வாரம் ஆனது அவன் தேற. உறங்குகிறான் என்று நாங்கள் நினைத்த நாட்களில் அவன் நோயில் கிடந்திருக்கிறான்.

மருந்து மட்டும் போதாது. காக்சிடியாவின் முட்டை மலத்தில் வெளியேறி, கால் வழியாகவும் உணவு வழியாகவும் மறுபடி வாய்க்குப் போகும். பல கிருமிநாசினிகளுக்கு அது சாகாது. மலத்தை உடனே அகற்றி, காகிதத்தைத் தினம் மாற்றி, கல்லையும் பாத்திரத்தையும் கொதிநீரிலோ நீராவியிலோ சுத்தம் செய்ய வேண்டும். கூண்டில் சுத்தம் செய்ய முடியாத மரக்கட்டை இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை செய்யாமல் குணமாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நாய் பூனைக்கு வாங்கிய புழு மருந்தைக் கணக்குப் போட்டுக் கொடுப்பது கூடவே கூடாது.

அப்படியானால் உண்மையான குளிர்கால உறக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

புருமேஷன் என்று இதற்குப் பெயர். ஒரு வயது தாண்டியவைக்குத்தான் வரும், எல்லாவற்றுக்கும் வராது. ஆஸ்திரேலியாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கனடா, இங்கிலாந்து பக்கம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பார்க்கலாம். படிப்படியாகச் சாப்பாடு குறையும், குளிர்ந்த பக்கம் தேடிப் போகும், நாள் கணக்கில் தூங்கும். எடை ஏறக்குறைய அசையாது. தொட்டு எழுப்பினால் கண் திறந்து பார்க்கும், கண் தெளிவாக இருக்கும், மலம் வழக்கம்போல இருந்திருக்கும். எடை இறங்கினால் அது உறக்கம் அல்ல.

எங்கள் வீட்டில் இப்போது வருடா வருடம் மே மாதமே மலப் பரிசோதனை செய்துவிடுகிறோம். அது சுத்தமாக வந்தால்தான் தூங்க விடுவோம். தூங்கப் போகும்போது வயிற்றில் உணவு இருக்கக் கூடாது, குளிரில் செரிக்காமல் அழுகும். சாப்பாட்டை நிறுத்திய பிறகும் ஒரு வாரம் விளக்கைப் போட்டு வைத்து, கடைசி மலம் கழிந்ததைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை எடை. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். குஞ்சும் நோயாளியும் தூங்கவே கூடாது.

எங்களுடையது பெண். தரையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது, சாப்பிடவில்லை.

முட்டையாக இருக்கலாம். ஆண் இல்லாமலேயே பெண் ஓணான் கருவில்லா முட்டை இடும், கோழி மாதிரிதான். வயிற்றில் இடம் இல்லாததால் சாப்பிடாது. ஈரமான மண் நிரப்பிய ஆழமான பெட்டி ஒன்றை வையுங்கள், குழி தோண்டி உட்கார்ந்து இடும். பல நாள் தோண்டியும் இடாமல் சோர்ந்து படுத்துவிட்டால் முட்டை சிக்கியிருக்கிறது, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வயிறு கெடாமல் இருக்க என்ன கொடுப்பது? நம் கீரைகள் ஆகுமா?

வளரும் குட்டிக்கு முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு இலை. வளர்ந்த பிறகு அதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். பெரியதுக்கும் குட்டிக்குப் போலவே புழுவை அள்ளிப் போட்டால் கொழுத்து, ஈரல் கெட்டு, மூட்டில் யூரிக் அமிலம் படியும்.

பூச்சியின் நீளம் ஓணானின் இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. வெட்டுக்கிளி, பட்டுப்புழு, கறுப்புப் படைவீரன் ஈயின் புழு ஆகியவை நல்லவை. இங்கே ஆஸ்திரேலியாவில் வூடீஸ் என்று ஒரு கரப்பான் வகை கிடைக்கும், ஓடு மெல்லியது, முத்துவுக்கு உயிர். வெளிநாடுகளில் எல்லோரும் சொல்லும் டூபியா கரப்பானை இங்கே வளர்க்க அனுமதி இல்லை. மீல்வார்ம் என்ற வண்டுப்புழுவின் ஓடு கெட்டி, குஞ்சுக்கு வேண்டாம். தோட்டத்தில் பிடித்த பூச்சியைக் கொடுக்காதீர்கள், மருந்தடித்த செடியிலிருந்து வந்திருக்கலாம். மின்மினிப்பூச்சி ஒன்றே ஒன்று போதும், உயிரை எடுத்துவிடும். கடைசிப் பூச்சி, விளக்கணைக்க இரண்டு மணி நேரம் முன்பாகவே உள்ளே போயிருக்க வேண்டும், சூட்டில் செரிக்க அவகாசம் வேண்டுமல்லவா.

கீரை விஷயத்தில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. பசலை, தண்டுக்கீரை, முளைக்கீரை எல்லாம் நமக்கு நல்லது, ஆனால் அவற்றில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எப்போதாவது இரண்டு இலை தின்றால் ஒன்றும் ஆகாது, அன்றாட உணவாக வேண்டாம். காலார்ட் கீரை, டான்டிலயன் இலை, என்டைவ், பாக் சாய், துருவிய பூசணி, செம்பருத்திப் பூ எல்லாம் கொடுக்கலாம். ஐஸ்பர்க் லெட்யூஸில் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை. அவகாடோ விஷம். பழம் வாரத்துக்கு ஒருமுறை இனிப்புப் பண்டம் மாதிரி.

புழு போட்டால் பாய்கிறது, இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இது நோய் இல்லை, பழக்கம். காலையில் எழுந்து அரை மணி வெயில் காய்ந்ததும் முதலில் இலைதான் வர வேண்டும். பூச்சி மாலையில், அதுவும் நாள் விட்டு நாள். பொடியாக நறுக்கி, மேலே நாலைந்து நெளியும் புழுவை விட்டால் புழுவைக் கொத்தும்போது இலையும் வாய்க்குள் போகும். வளர்ந்த ஓணானிடம் இரண்டு மூன்று வாரம் விட்டுக்கொடுக்காமல் இருங்கள். எடை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறது.

ஒருமுறை என்றால் பூச்சி பெரிதாக இருந்திருக்கலாம், அல்லது தின்றதும் நீங்கள் தூக்கியிருக்கலாம். மறுபடி எடுத்தால் மருத்துவரிடம் போங்கள். தாடி ஓணானுக்கு இரைப்பையில் ஒரு வகைப் புற்றுநோய் வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த ஒன்று. முதுமையில் அல்ல, இளம் வயதிலேயே வரும். வாந்தி, பசியின்மை, எடைக் குறைவு, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது அதன் அடையாளங்கள். குஞ்சுகளில் வளர்ச்சி நின்று, சோர்ந்து, வயிற்றுப்போக்கோடு போகும்போது அடினோ வைரஸையும் சோதிப்பார்கள். அதற்கு மருந்து கிடையாது, சூடும் நீரும் ஊட்டமும் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம்.

ஊசிக்குழாயில் நானே ஊட்டிவிடலாமா?

மருத்துவர் சொன்ன பிறகு. பல நாள் பட்டினியாக, நீர் வற்றிய உடம்பில் முதலில் உணவைத் திணித்தால் குடல் தாங்காது. முதலில் நீர், பிறகு சூடு, அதற்குப் பிறகுதான் உணவு. ஊட்டச் சொன்னால், உணவுத் தூளைக் கலக்கி ஊசி இல்லாத சிறிய குழாயில் எடுத்து உதட்டோரம் ஒரு சொட்டு வையுங்கள். நக்கி விழுங்கியதும் அடுத்த சொட்டு. வாயைப் பிளந்து பீய்ச்சாதீர்கள். நான் முத்துவைத் துண்டில் சுற்றி மார்போடு சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு வேளை உணவுக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வேன். அவசரப்பட்டால் இரண்டு பேருக்கும் அது சண்டையாகிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டு போவது?

ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவரை இப்போதே, ஓணான் நன்றாக இருக்கும்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் இதைப் பார்ப்பதில்லை. புதிய மலத்தை மூடிய டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் தனியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டு போங்கள். எடை நோட்டு, கூண்டின் படம், வெப்பத் துப்பாக்கி காட்டிய எண்கள், யூவிபி குழல் மாற்றிய தேதி. இவ்வளவும் இருந்தால் மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கும். வழியில் குளிராமல், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. இதையெல்லாம் கையாள்வது பாதுகாப்பானதா?

நலமாக இருக்கும் ஓணானின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கலாம். 2014-இல் அமெரிக்காவில் பல மாநிலங்களில் பரவிய ஒரு சால்மோனெல்லா தொற்றுக்குக் காரணம் வீட்டுத் தாடி ஓணான்கள் என்று அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகள் அதிகம். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அதன் குளியல் தொட்டியும் பாத்திரமும் சமையலறைத் தொட்டிக்குள் வரவே கூடாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை பார்க்கட்டும், தொட வேண்டாம். முத்தம் கொடுப்பதைப் பெரியவர்களும் விட்டுவிட வேண்டும்.

தேறி வருகிறதா என்று எப்படித் தெரியும்?

பசி கடைசியில்தான் வரும். முதலில் காலையில் தானாகவே கல்லின் மேல் ஏறிப் படுக்கத் தொடங்கும். அப்புறம் கண், யாராவது நடந்தால் தலையைத் திருப்பிப் பின்தொடரும். யூரேட் வெள்ளையாகும். எடை இறங்குவது நிற்கும். ஏறாவிட்டாலும் பரவாயில்லை, நிற்பதே நல்ல செய்தி. அதற்குப் பிறகு ஒரு நாள் தட்டில் வைத்த இலையில் ஒரு கடி காணாமல் போயிருக்கும். அன்றைக்கு ஆர்வத்தில் பத்துப் புழுவை எடுத்துப் போடாதீர்கள். முதல் வாரம் வழக்கத்தில் கால் பங்கு, மெல்லிய ஓடுள்ள பூச்சி மட்டும், ஒரு முறை ஒழுங்காகக் கழிந்த பிறகு அடுத்த வேளை. அந்த ஏழு வாரத்துக்குப் பிறகு முத்து காகிதத்தின் மேல் உருண்டையாகப் பழுப்பும் வெள்ளையுமாகக் கழித்து வைத்த காலையில், நான் அதைப் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பினேன். "வெட்டுக்கிளி இரண்டு கொடுக்கலாம்" என்று பதில் வந்தது.